கண்ணாடி வீட்டு நெல்

— அழாதேங்கோ கண்மணிப் பிள்ளை. நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ.

— என்னத்தைக் கேக்கறது லூர்தம்மாக்கா? மூணு வருஷ வேலை போச்சு. நெல்லுச் செடிக்குள்ளயே ஒரு பாக்டீரியா குடியிருந்து, காத்துல இருந்து அதுக்கு உரம் செஞ்சு குடுக்குதுன்னு ப்ரூவ் பண்ணத்தான் நான் நாடு விட்டு நாடு, இந்த டார்ம்ஸ்டாட்டுக்கே வந்தேன்.

— ஓம், சொன்னனீங்கள். ஒரு வரிசைக்கு அந்தக் கிருமியை விட்டது, மற்றதுக்கு விடேல்லை எண்டு.

— ரெண்டுக்குமே உரம் கிடையாது. அப்போ கிருமி இல்லாத வரிசை மஞ்சளாகணும்ல? அக்கா கல்யாணத்துக்கு ஒரு மாசம் ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்தா, ரெண்டும் ஒரே பச்சை! மண்ணுலயே சத்து இருந்திருக்கு, உன் பாக்டீரியா ஒண்ணும் பண்ணலன்னு ப்ரொஃபஸர் சொல்லிட்டார்.

— மண்ணில ஒண்டும் இல்லைப் பிள்ளை. உரம் போட்டது நான்.

— அக்கா!

— தொண்ணூறில மன்னாரை விட்டு வெளிக்கிட்டாப் பிறகு, ஆறு வருசமா நான் நெல்லைக் கண்ணால காணேல்லை. இஞ்சை நிலம் துடைக்க வாற நேரமெல்லாம் அதுகளைப் பாத்துக்கொண்டு நிப்பன். நீங்கள் போய் ரெண்டு கிழமையில மஞ்சளிச்சுத் தலை தொங்கிப்போச்சு. என்ரை மனிசன் உயிரோட இருந்தா வயலை அப்பிடி விடுவாரே? பூச்சாடிக்குப் போடுற நீல உரம் மூலையில கிடந்தது. கரைச்சு ஊத்திப்போட்டன்.

— தொடக்கூடாதுன்னு கதவுல எழுதியிருக்கே!

— வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் ஊத்தினனான்.

— பன்னெண்டு சட்டிக்குமா?

— இல்லை இல்லை, மஞ்சளிச்ச ஆறுக்குத்தான். மற்ற ஆறும் கரும்பச்சையா நிண்டதுகள். அதுகளுக்கேன் உரம்?

— இருங்க, இருங்க. எந்த ஆறு மஞ்சளாச்சு?

— வெள்ளைக் குச்சி குத்தினது.

— சிவப்புக் குச்சிக்கு ஊத்தவே இல்லையா? ஒரு தடவைகூட?

— மாதா அறிய இல்லை.

— ஐயோ அக்கா! வெள்ளைக் குச்சிதான் பாக்டீரியா இல்லாதது! அது மஞ்சளாத்தான் ஆயிருக்கு. சிவப்பு மட்டும் ஒண்ணுமே இல்லாம பச்சையா நின்னிருக்கு. என் பாக்டீரியா வேலை செஞ்சிருக்கு அக்கா!

— அப்ப... நான் கெடுக்கேல்லையே?

— திரும்ப ஒரு தடவை நட்டுப் பாக்கணும். பரவால்ல, இப்ப ப்ரொஃபஸர் விடுவார். உங்க பேரைச் சொல்ல மாட்டேன். யாரோ தெரியாம ஊத்திட்டாங்கன்னு சொல்லிக்கிறேன். இல்லன்னா உங்க வேலை போயிடும்.

— யாரோ எண்டா அவர் நம்பமாட்டார். லூர்தம்மா எண்டே சொல்லுங்கோ. நேற்று நீங்கள் அழுததைக் கேட்டு எனக்கு நித்திரையே இல்லை. காலமை எங்கட மேற்பார்வைக்காரியிட்டை எல்லாம் ஒப்புக்கொண்டு, வேலை வேண்டாமெண்டு கதவுத் திறப்பையும் திருப்பிக் குடுத்திட்டன். உங்களிட்டை மன்னிப்புக் கேட்டிட்டுப் போவம் எண்டுதான் நிண்டனான்.