முனியப்பன் தலை மேல ஒரு புள்ளி

— முனியப்பன் தலை மேலயே கொண்டுபோயி புள்ளி வெக்குது! இதுதான் அளக்கற லட்சணமா தனப்பிரியா? அழிச்சுப்போடு.

— அழிச்சா ஆச்சுங்களா மாமா? பழைய சர்வே புலப்படத்தச் செயற்கைக்கோள் படத்து மேல பொருத்தி, காணாமப்போன எல்லைக்கல்லு எங்க நின்னுதுன்னு பாருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. சும்மா எறக்குன இந்தக் கியூஜிஸ் மேப்பு சாப்ட்வேரு அங்கதான் காட்டுது, நம்ம சாமியோட தகரக் கொட்டாய்க்குள்ள.

— காசு குடுக்காம வந்த சாமான் வேற எப்படிக் காட்டும்? ரேசன் கடையில ஓசி அரிசிக்கே கைரேகை கேக்கறான். இவன் ஆரு என்னன்னு கேக்காம ஊருக்கே குடுக்கறானாம்.

— உள்ள புரோகிராம் எப்படி எழுதியிருக்குதுன்னும் தொறந்தே வெச்சிருக்காங்க. ஆரு வேணும்னாலும் பாத்துத் திருத்தலாமுங்க.

— அப்ப எந்தம்பி கந்தப்பனும் திருத்தியிருப்பான்.

— சின்னமாமாவுக்கு வாட்சப்புல போட்டா அனுப்பவே தெரியாதுங்க.

— கல்லப் புடுங்கி எறியத் தெரியுதே! எங்க ரெண்டு பேரு எல்லையில நிக்கற தென்னை வரிசையில நான் தேங்கா எறக்கறேன்னு வயித்தெரிச்சல். கூடப்பொறந்த அண்ணன்னுகூடப் பாக்குல. நாளைக்கு முனியப்பன் முன்னால, கல்ல நான் எடுக்கலீன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ண வாரானாம். பண்ணட்டும், கை வெந்துபோகும். அதுக்குள்ள கல்லு நின்ன எடம் எனக்குத் தெரியோணும். வேற ஒண்ணுல போடு.

— சேரிங்க. இது ஜிவிசிக். ஸ்பெயின் நாட்டுல ஆரம்பிச்சது. இதுவும் சும்மா குடுக்கறதுதான். பாருங்க.

— எங்க பாக்கறது? புள்ளி காவேரிக்குள்ளயல்ல கெடக்குது! கல்லு என்ன நீச்சலடிக்கப் போச்சா?

— பொறுங்க மாமா, அளவு மொறய நான் மாத்திக் குடுத்துட்டேன். அது சொன்னதக் கேட்டு வரைஞ்சிருச்சு.

— கோணலாச் சொன்னா கோணலா வரையறதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு? பஞ்சாயத்துல நாலு பேரு போதுமே. மேப்பு வரையறதே எம்பொண்டாட்டிக்குப் பொழப்புன்னு எம்மவன் ஊரெல்லாம் பீத்திக்கறான்.

— சரி பண்ணியாச்சுங்க. மறுக்காவும் முனியப்பன் கொட்டாயிதான்.

— ரெண்டும் கூட்டுக் களவாணி. மூணாவது ஒண்ணு இருக்குதுன்னியே?

— கிராசுங்க. ரொம்பப் பழசு. அமெரிக்கப் பட்டாளத்து இஞ்சினீருங்க ஆரம்பிச்சது. வேலை செய்யறதுக்குள்ள பாடாப் படுத்தும். எந்த அளவு மொறைன்னு மொதல்லயே சொன்னாத்தான் உள்ளயே உடும்.

— வாசல்ல நிக்கவெச்சுச் சாதகம் கேக்குதா? இது ஒண்ணுதான் என்னய மாதிரி இருக்குது. போடு, போடு. எவனும் என்னய ஏமாத்த முடியாது.

— போட்டாச்சுங்க.

— எங்க?

— கோவிச்சுக்காதீங்க மாமா. அதே எடம். மூணும் மயிரிழை பிசகுல.

— சாமி நிக்கற எடத்துல கல்லு எப்படி நிக்கும்? ரெண்டு பேரு ஒரே குழியில நிப்பாங்களா?

— அதையேதான் நானும் ரோசிச்சேன். முனியப்பன ஆருங்க கொண்டாந்து வெச்சது?

— ஆரும் வெக்குல. அவரா வந்தாரு. எங்கம்மா எருக்கஞ்செடி வெட்டறப்ப உள்ள நின்னாரு. அன்னைக்கே, ஈன மாட்டாமக் கெடந்த எருமை கன்னு போட்டுது. மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட ஆரம்பிச்சுட்டோம்.

— எண்ணெ தேய்க்கறப்ப அவரு தலையில வெரலுக்குத் தட்டுமே, கூட்டல் குறியாட்ட ஒரு வெட்டு...

— அது சாமிக்குச் சுழி.

— ஊர்ல இருக்கற சர்வே கல்லு அத்தனைக்கும் அந்தச் சுழி இருக்குதுங்க மாமா.

— அப்ப நாளைக்கு, கல்ல எடுக்கலீன்னு அவன் அந்தக் கல்லு மேலயேவா அடிச்சு சத்தியம் பண்ணுவான்?

— ஆமாங்க. பழி சொன்னவங்கதான சூடம் பத்தவெக்கோணும்? தீப்பெட்டி உங்க கையில இருக்கும்.

— முனியப்பனுக்குக் கெழக்கால நிக்கற தென்னை வரிசை?

— கல்லுக்கு அந்தப் பக்கம் பூராவும் சின்னமாமாவோடதுங்க.

— மூணும் ஓசி. மூணையும் நான் நம்புல, இப்பவே சொல்லிப்போட்டேன்.

— சேரிங்க மாமா.

— அந்தப் பொட்டிய மூடு. கந்தப்பனுக்குப் போனப் போடு. நாளைக்குச் சூடம் வேண்டாம், தேங்கா எறக்க ஆளக் கூட்டிக்கிட்டு வரச்சொல்லு.