நாலு சக்கரமும் இழுக்கும்

மனைவி: இன்னும் கொஞ்சம் மிதிங்க.

கணவர்: மிதிச்சுட்டுத்தான் இருக்கேன். நீ தள்ளி நில்லு, சேறு அடிக்கும்.

மனைவி: முழங்கால் வரைக்கும் அடிச்சாச்சு. இனிமே எங்க தள்ளி நிக்கறது...

கணவர்: வண்டி நகருதா?

மனைவி: நகருது. கீழ.

கணவர்: கீழன்னா?

மனைவி: மண்ணுக்குள்ள. முன் சக்கரம் பாதியைக் காணோம்.

கணவர்: மெதுவாப் பேசு. கூடாரத்துல இருந்து எல்லாரும் பாக்கறாங்க.

மனைவி: பாக்காம என்ன செய்வாங்க? இந்த வண்டி வச்சிருக்கறவங்க கூட்டம் இது. அறுபது வண்டி வந்திருக்கு, அறுபதும் இதே வண்டி. எல்லாரும் தார் ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் ஈரப் புல்லு மேல ஓட்டிட்டு வந்தீங்க.

கணவர்: இன்னிக்கு டயர் கிரிப்பைப் பத்திப் பேசப்போறவன் நான். நானே ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வந்தா நல்லாவா இருக்கும்?

மனைவி: இப்ப ரொம்ப நல்லா இருக்கு.

கணவர்: கிண்டல் பண்ணாதே.

மனைவி: பண்ணல. மைக்ல கூப்பிடறாங்க, கேக்குதா? 'அடுத்து நம்ம மலையேறி பேசுவார்'னு நீங்க எழுதற பேரைச் சொல்லியே கூப்பிடறாங்க. மலை இருக்கட்டும், முதல்ல இந்தப் புல்வெளியை ஏறுங்க மலையேறி.

கணவர்: அஞ்சு நிமிஷம்னு கையைக் காட்டு.

மனைவி: காட்டிட்டேன். திருப்பிக் கையாட்டறாங்க. சும்மா வணக்கம் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க போல.

கணவர்: ஐயோ...

மனைவி: இதுல பாதிப் பேர் இந்த வண்டியைப் பத்தி நீங்க நெட்ல எழுதினதைப் படிச்சுத்தான் வாங்கினாங்களாம். வாசல்ல ஒருத்தர் சொன்னார். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. 'கிரிப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு. வசதிகளுக்கு அஞ்சுக்கு அஞ்சு. கொடுத்த காசுக்கு அஞ்சுக்கு நாலரை.' அந்த அரையை எதுக்குக் குறைச்சீங்க?

கணவர்: எல்லாத்துக்கும் முழுசாப் போட்டா எவனும் நம்ப மாட்டான்.

மனைவி: நல்ல ஆளு நீங்க.

கணவர்: இரு. மலைப் படம் போட்ட பட்டனை அமுக்கறேன். அமுக்கினா நாலு சக்கரமும் இழுக்கும். எந்தச் சக்கரம் சுத்துதுன்னு பாத்துச் சொல்லு.

மனைவி: ம்... அமுக்குங்க.

கணவர்: சுத்துதா?

மனைவி: முன்னாடி ரெண்டும் சுத்துது.

கணவர்: பின்னாடி?

மனைவி: பின்னாடி... சும்மா நிக்குது.

கணவர்: நல்லாப் பாரு. குனிஞ்சு பாரு.

மனைவி: குனிஞ்சுதான் பாக்கறேன். அதுல ஒட்டியிருக்கற புல்லு கூட ஆடல.

கணவர்: அது எப்படி நிக்கும்? நாலு சக்கர இழுவைன்னா நாலும் சுத்தணும். ஃபோர் வீலுக்குத் தனியா டிக் போட்டேன். அதுக்குத்தானே இவ்ளோ பெரிய வண்டியே எடுத்தது.

மனைவி: ஏங்க... இறங்கி வாங்க. ரோட்டுல யாரையாவது கயிறு கட்டி இழுக்கச் சொல்லுவோம்.

கணவர்: இரு. ஷோரூம் பேப்பர் டேஷ்போர்டுல இருக்கு. எடுக்கறேன்.

மனைவி: இப்ப எதுக்கு அது?

கணவர்: ஏமாத்திட்டானுங்க. கேஸ் போடாம விட மாட்டேன். இந்தா... ஆப்ஷன் லிஸ்ட். தோல் சீட்டு, டிக். மசாஜ் சீட்டு, டிக். கதவு விளக்கு, டிக். கண்ணாடிக் கூரை, டிக். ஃபோர் வீல்...

மனைவி: வேணாங்க.

கணவர்: ஃபோர் வீல்ல டிக் இல்ல. டிக் போட்டு அடிச்சிருக்கு. பக்கத்துல ஏதோ எழுதியிருக்கு... 'வாடிக்கையாளர் வீட்டில் இருந்து போனில் மாற்றச் சொன்னார்கள்'. வீட்டுல இருந்துன்னா... யாரு?

மனைவி: நீங்க குளிச்சுட்டு இருந்தீங்க. ஆர்டரை உறுதி பண்ணணும்னு ஷோரூம்ல இருந்து போன் பண்ணினாங்க. நான்தான் எடுத்தேன்.

கணவர்: எடுத்து?

மனைவி: ஃபோர் வீல் வேணாம், அந்தக் காசுக்கு வேற என்ன வரும்னு கேட்டேன். கண்ணாடிக் கூரை வரும்னாங்க. சரின்னுட்டேன்.

கணவர்: கண்ணாடிக் கூரை ஆஃபர்ல வந்துச்சுன்னு சொன்னியே?

மனைவி: சொன்னேன்.

கணவர்: மூணு வருஷமா நான் எழுதினதுல அந்தக் கூரைக்குன்னே ஒரு பத்தி இருக்கு. ராத்திரி நட்சத்திரம் தெரியுதுன்னு... கம்பெனிக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கேன்.

மனைவி: தெரியும். படிச்சேன்.

கணவர்: ஏன்? ஏன் அப்படிப் பண்ணினே?

மனைவி: ஏன்னா கேக்கறீங்க? பழைய வண்டி உங்க அக்கா வீட்டுக்கு ஏறற மேட்டுல, அந்த மூணாவது வளைவுல பின்னாடியே வழுக்கிப் போச்சே... பின் சக்கரம் வெளிய தொங்கினப்ப உள்ள நானும்தானே இருந்தேன்? 'கதவைத் தொடாதே, மூச்சு விடாதே'ன்னு கத்தினீங்களே. அது முடிஞ்சு ஒரு மாசத்துல, நாலு சக்கரமும் இழுக்கற வண்டி வாங்கி அதே மேட்டுல ஏறிக் காட்டறேன்னு நின்னீங்க. எனக்கு வேற வழி தெரியல. நாலும் இழுக்கலன்னா வண்டி அடிவாரத்துலயே திணறி நின்னுடும், மேல போக மாட்டீங்கன்னு நினைச்சேன்.

கணவர்: அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?

மனைவி: சொன்னா கேக்கற ஆளா நீங்க? ஆனா நான் நினைச்சது நடக்கல. நீங்கதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தனியாவே கிளம்பிப் போனீங்களே. பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் நீங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. வாய் விட்டுச் சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. எத்தனை தடவை போனாலும் ஒண்ணும் ஆகலன்னதும்தான் மனசு ஆறிச்சு. சரி, ரெண்டு சக்கரமே போதும் போலன்னு விட்டுட்டேன்.

கணவர்: இரு. இன்னிக்கு என்ன தேதி?

மனைவி: ஏன்?

கணவர்: அக்கா இன்னிக்குத்தானே இதே மாதிரி புது வண்டி எடுக்கறா? பத்து மணிக்கு எடுத்து நேரா வீட்டுக்கு ஏத்திடுவேன்னு சொன்னா. இப்ப மணி என்ன?

மனைவி: பதினொண்ணே முக்கால்.

கணவர்: அவளுக்கு என் லிஸ்ட்டைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். இதே பேப்பரை. 'நான் எதை டிக் பண்ணியிருக்கேனோ அதையே பண்ணு, ஒண்ணைக் கூட்டாதே, ஒண்ணைக் குறைக்காதே'ன்னு சொன்னேன். நான் அதைத் திரும்பப் படிச்சுக்கூடப் பாக்கல...

மனைவி: அட, அதுக்கு ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க? அக்காவும் இதே மாதிரி ஏறிடுவாங்க. இந்த வண்டியிலதானே நீங்க மழையோட மழையா பதினோரு தடவை ஏறினீங்க? அதனாலதான் நீங்க லிஸ்ட் அனுப்பினப்பவும் நான் வாயைத் திறக்கல.

கணவர்: ஏறல.

மனைவி: என்னது?

கணவர்: நான் ஏறல. ஒரு தடவை கூட.

மனைவி: விளையாடாதீங்க. மூணாவது வளைவுல டயர் ஒரு இம்மி வழுக்கலன்னு எழுதியிருக்கீங்க. மேல போனா மேகம் கண்ணாடியில முட்டுதுன்னு...

கணவர்: எல்லாம் கதை. மேடு ஆரம்பிக்கற இடம் வரைக்கும் போவேன். அங்க பெட்ரோல் பங்க் இருக்கில்ல, அதுல ஓரமா நிறுத்துவேன். இன்னிக்கு ஏறிடலாம், இன்னிக்கு ஏறிடலாம்னு உக்காந்திருப்பேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாது. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து... எழுதுவேன்.

மனைவி: பதினோரு தடவையும்?

கணவர்: பதினோரு தடவையும். எனக்குப் பயம். அன்னில இருந்தே பயம். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

மனைவி: அப்ப... அந்த மேட்டுல ரெண்டு சக்கர வண்டி ஏறுமா ஏறாதான்னு...

கணவர்: யாருக்கும் தெரியாது.

மனைவி: ஐயோ. போன் எங்க? போன் போடுங்க. மேல நேத்து ராத்திரியில இருந்து மழைங்க.

கணவர்: போட்டுட்டேன். அடிக்குது... எடுக்க மாட்டேங்கறா.

மனைவி: திரும்பப் போடுங்க.

கணவர்: அடிக்குது. கீழ இருந்த மனையை வித்து வாங்கினா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா ராப்பகலா நின்னு வாங்கின மனை. 'நீ எழுதினதைப் படிச்சேன்டா, அந்த வண்டியே வாங்கிக்கறேன்'னா. அப்பவாவது சொல்லியிருக்கணும். நாக்கு வரைக்கும் வந்துச்சு...

மனைவி: எனக்கும்தான் வந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து அவங்களைக் குழியில தள்ளிட்டோம்.

கணவர்: கட் ஆயிடுச்சு.

மனைவி: அவங்க வண்டி ஓட்டக் கத்துக்கிட்டே ஒரு வருஷம்தான் ஆகுது. மூணாவது வளைவுல வழுக்கினா என்ன பண்றதுன்னுகூடத் தெரியாது. இந்த வண்டியைத் தூக்கிப் போடுங்க, ரோட்டுல யாரோடதாவது வாங்கிட்டுப் போவோம். நாம பின்னாலயே போயிடலாம்.

கணவர்: ஆமா. வா. யார்கிட்டயாவது சாவி வாங்கு. நானே ஓட்டறேன்.

மனைவி: நீங்களா? அந்த மேட்டுலயா?

கணவர்: ஓட்டறேன்னு சொல்றேன்ல. நட... இரு, இரு. போன் வருது. அவதான்.

மனைவி: ஸ்பீக்கர்ல போடுங்க.

கணவர்: அக்கா? அக்கா, எங்க இருக்கே? எந்த இடமா இருந்தாலும் நிறுத்து. ஓரமா நிறுத்திட்டு இறங்கிடு. ஏறாதே.

அக்கா: எதுக்குடா கத்தறே? கை ஈரமா இருந்துச்சு, எடுக்க முடியல. வண்டியைத் துடைச்சுட்டு இருந்தேன்.

கணவர்: எங்க வச்சு?

அக்கா: எங்க வச்சா? என் வாசல்ல வச்சுத்தான். வந்து கால் மணி நேரம் ஆச்சு.

மனைவி: அண்ணி... மேல போயிட்டீங்களா?

அக்கா: வந்துட்டேன்ம்மா. மூணாவது வளைவுல மட்டும் கொஞ்சம் யோசிச்சுது. அப்புறம் நாலும் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுச்சு.

கணவர்: நாலுமா? என் லிஸ்ட்லதான் அது இல்லையே அக்கா.

அக்கா: இல்லதான். மருந்துச்சீட்டைப் படிக்காம நான் ஊசி போட்டிருக்கேனா? வரி வரியாப் படிச்சேன். அந்த ஒண்ணை மட்டும் அடிச்சிருந்துச்சு. கண்ணாடிக் கூரையை எடுத்துட்டு அதைப் போடுன்னு சொல்லிட்டேன். மசாஜ் சீட்டை மட்டும் விடல. நின்னு நின்னு போன இடுப்பு, நல்லா இருக்குடா.

கணவர்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

அக்கா: நீ சொன்னியா?

மனைவி: அண்ணி, அதை அடிக்கச் சொன்னது நான்தான். அவர் மேல தப்பில்ல.

அக்கா: நீயாத்தான் இருக்கும்னு நினைச்சேன். உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். அழாதே.

மனைவி: அழல. சேறு... கண்ணுல பட்டுடுச்சு.

கணவர்: அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் எழுதினது எல்லாம்...

அக்கா: தெரியும்டா.

கணவர்: என்ன தெரியும்?

அக்கா: என் வீட்டு மேட்டுல பதினோரு தடவை ஏறினவன் ஒரு தடவையாவது என் வாசக் கதவைத் தட்டியிருக்கணுமில்ல? முதல் தடவை படிச்சப்பவே சிரிச்சேன். அப்புறம் பெட்ரோல் பங்க்காரர் சொன்னார், 'உங்க தம்பி ஞாயித்துக்கிழமையானா வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பிப் போயிடறார், என்னமோ ஏதோ'ன்னு. அப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

கணவர்: தெரிஞ்சுமா வாங்கினே? நான் எழுதினது அத்தனையும் பொய்னு தெரிஞ்சுமா, இருந்த மனையை வித்து இந்த வண்டியை வாங்கினே? எதுக்குக்கா?

அக்கா: என்னைப் பாக்க நீ மேல ஏற மாட்டேன்னு தெரிஞ்சுதான்டா வாங்கினேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது இறங்கி வரணுமில்ல? வர்ற ஞாயித்துக்கிழமை பங்க்ல உக்காந்திரு, நான் வரேன்.