மேல் கீல்

ஒரு கதவு தொங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை, ஐயா. கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கிற ஓரத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். அசையாமல் நின்றால் நல்ல கதவு. கடகடவென்று ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. மனிதருக்கு வந்தால் கீல்வாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்க்கிறோம். லாரிக்கு வந்தால் ஓங்கி அறைந்து சாத்துகிறோம்.

அந்த லாரி என் தங்கை கணவருடையது. முப்பது வருடக் கிழம். எனக்கு லாரிக் கதவு வேலைதான் பிழைப்பு என்பதால் என் பட்டறைக்குத்தான் வரும். முதல் தடவை முறையாகவே செய்தேன். கதவுக்கு அடியில் ஜாக்கியும் பலகையும் கொடுத்துப் பாரத்தைத் தாங்கவைத்து, டிரைவர் பக்கத்து மேல் கீலின் ஊசியைத் தட்டி எடுத்தேன். ஊசி நடுவில் இடுப்பு மெலிந்திருந்தது. அது சுழல்கிற பித்தளைக் குழல் முட்டை வடிவமாகிவிட்டது. புதுக் குழல் இறக்கி, புது ஊசி கடைந்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். ஒற்றை விரலால் தள்ளினேன். 'க்ளிக்' என்றது. அந்தச் சத்தத்துக்காகவே நாலு முறை திறந்து சாத்தினேன்.

மாப்பிள்ளை வந்து, "பிரமாதம் மச்சான்" என்றார். ஏறி உட்கார்ந்து, பட்டறைத் தகரமெல்லாம் அதிரக் கதவை இழுத்து அறைந்தார்.

"ஒத்தை விரல் போதும் மாப்ளே."

"கதவுன்னா சத்தம் கேக்கணும் மச்சான். இல்லேன்னா சாத்துன மாதிரியே இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாய் நிறையப் பேசுவார். ஆனால் திறந்த கதவின்மேல் இரண்டு கைகளையும் தொங்கப்போட்டு, மொத்த உடம்பையும் அதில் சாய்த்துக்கொண்டுதான் பேசுவார். ஆளோ ஆனைக்குட்டி. டீக்கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர், வழிப்போக்கர் என்று எல்லோரிடமும் அரை மணி நேரம் அப்படி நிற்பார். என்னைக் கூப்பிட மட்டும் ஹாரன் அடிப்பார்.

நாலே மாதத்தில் கதவு மறுபடி தொங்கியது. மறுபடி செய்தேன். மூன்றாம் தடவை லாரி வந்தபோது வேலையைத் தொடவில்லை, உட்கார்ந்து யோசித்தேன். கீல் ஏன் தேய்கிறது? கதவைத் திறப்பதால். திறக்காத கதவின் கீல் தேய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் நாள் முன்கண்ணாடிக்கும் இரண்டு ஜன்னல்களுக்கும் இரும்பு வலை போட்டேன். கல் தெறிக்காமல் இருக்க என்று சொன்னேன். அவரே வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கோட்டை மாதிரி ஆயிடுச்சு மச்சான்" என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் மதியம் வழக்கம்போல சீட்டில் காலை நீட்டித் தூங்கினார். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். பொறி விழாமல் இருக்க அவர்மேல் நனைந்த சாக்கைப் போர்த்தினேன். கீலைத் தொடவே இல்லை. கதவின் ஓரத்தைச் சட்டத்தோடு ஆறு இடத்தில் சேர்த்துப் பற்றவைத்தேன், அவ்வளவுதான்.

இடி விழுந்தாலும் தூங்குகிறவர், பெயிண்ட் கருகின வாடைக்கு எழுந்தார்.

"வேலை முடிஞ்சுதா மச்சான்?"

"முடிஞ்சுது மாப்ளே."

"அப்ப இறங்கிக்கறேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லையே."

பேட்டரியைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதனால் ஹாரன் வேலை செய்யவில்லை. அவருடைய செல்போன் என் மேஜையில் சார்ஜில் இருந்தது. சத்தம் போட்டார்தான். பட்டறையில் நாள் முழுக்கச் சாணை பிடிக்கிற சத்தம், யார் காதில் விழும்?

பட்டினி போட்டேன் என்று யாரோ உங்களிடம் சொன்னது பொய். வலை வழியாகப் பிஸ்கட் போகும். தண்ணீரும் டீயும் புது ரப்பர் குழாயில் கொடுத்தேன். வெயிலுக்குக் கூரைமேல் ஈரச் சாக்கு. மற்ற அவசரத்துக்கு, பழைய லாரியாயிற்றே, தரைத் தகட்டில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது.

ஐந்தாம் நாள் என் தங்கை அழுதுகொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "லோடு போயிருப்பாருன்னு இருந்தேன், அவரக் காணோம் அண்ணா. போனும் எடுக்கல. ஸ்டேஷனுக்குத் தனியா போகப் பயமா இருக்கு" என்றாள். கூடப் பிறந்தவன் போகாமல் இருக்க முடியுமா? சட்டை மாற்றிக்கொண்டு போனேன். புகாரை நீங்கள்தான் எழுதினீர்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. என்ன நிறச் சட்டை என்று நீங்கள் கேட்டபோது அவளுக்கு ஞாபகம் இல்லை, நான்தான் சொன்னேன்.

ஆறாம் நாள் கரண்ட் போனது. சாணை நின்றது. அந்த நேரம் பார்த்து அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பின்பக்கம் நின்ற லாரியிலிருந்து குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சாப்பாடு கீழே விழுந்தது. கடப்பாரையை எடுத்து மேல் கீலில் சொருகினாள்.

நான் தடுத்தது உண்மை. "கீல்ல வைக்காதம்மா, பூட்டுப் பக்கம் வை" என்றுதான் கையைப் பிடித்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து என்கூட ஸ்டேஷன் வரைக்கும் வந்தியே அண்ணா" என்றாள்.

பிறகு கீலை நெம்பிப் பெயர்த்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருப்பது எனக்கே தெரியாது. அவள் போன் செய்து நீங்கள் வந்து கதவை முழுதாகப் பெயர்த்தபோது அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டார் என்றீர்கள், நல்லது.

இப்போது இன்னொன்று கேட்கிறீர்கள். இடது பக்கக் கதவை ஏன் பற்றவைத்தாய் என்று. நியாயமான கேள்வி. அந்தப் பக்கம் யாரும் ஏறுவதில்லை. அதன் கீலில் ஒரு குறையும் இல்லை, புதுசு மாதிரி இருக்கும். அதைத்தான் நான் முதலில் பற்றவைத்தேன்.

காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஐயா. ஒன்று மட்டும் சொல்வேன். அந்த ஆறு நாளும் வலையில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை, "மச்சான், மச்சான்" என்று எத்தனை ஆசையாகக் கூப்பிட்டார் தெரியுமா. எங்களுக்குள் இப்படி ஓர் ஒட்டுதல் உண்டாகும் என்று நான் நினைத்ததே இல்லை.