ரெண்டு ஷீல்டும் தப்பு

இல்ல தம்பி, பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவ இப்படியா சிரிச்சுக்கிட்டு வருவா? மொதல்ல அந்த மெஷினை நிறுத்துங்க, என் காதுக்குள்ளயே ஓட்டை போடற மாதிரி இருக்கு. ஆங், இப்ப சரி. ஒரு ஸ்டூல் இருந்தா போடுங்க. ரெண்டு ஷீல்டையும் பையில போட்டு பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன், தோள்பட்டை கழண்டு போச்சு.

ஆமா, ரெண்டும் உங்க கடையில செஞ்சதுதான். பின்னாடி ஸ்டிக்கர் இருக்கே, அதைப் பாத்துதான் விசாரிச்சு வந்தேன். எழுத்துப் பிழையா? சேச்சே. எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு. எழுதியிருக்கிற விஷயம்தான் தப்பு. ரெண்டுலயும் தப்பு. உங்களைச் சொல்லி என்ன, நகராட்சியில எழுதிக் குடுத்ததை நீங்க அடிச்சீங்க. படிங்களேன். இது என்னோடது. தனித்து வாழும் முதியோருக்கு நாள்தோறும் குரல் கொடுத்தவர்னு போட்டிருக்கா? இது அவரோடது. தனித்து வாழும் முதியோரின் கதவைத் தட்டியவர்னு இருக்கா? நீங்க சிரிக்கல. கதை தெரிஞ்சா சிரிப்பீங்க. இந்த ரெண்டு பலகையால ஒரு நல்ல மனுஷன் என் கையை விட்டுப் போகப் பாத்தாரு தம்பி. நான் வந்த வேலை சின்னதுதான், ஆனா கதையைச் சொல்லாம வேலையை மட்டும் சொன்னா உங்களுக்கும் புரியாது, எனக்கும் தூக்கம் வராது.

என் குரல் எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? நல்லாக் கேளுங்க. பயணிகளின் கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பாருங்க, பாருங்க, மூஞ்சி மாறுது. நானேதான். பஸ் ஸ்டாண்டுல கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து ஊரையே ஏத்தி அனுப்புனவ. குரலை எல்லாருக்கும் தெரியும், மூஞ்சியை ஒருத்தருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில ஒரு கிலோ தக்காளின்னு சொன்னாக்கூட பக்கத்துல நிக்கிறவங்க பெட்டியைத் தூக்கிடுவாங்க.

ரிட்டையர் ஆனதும் வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு. வீட்டுக்காரர் போய் ரொம்ப காலம் ஆச்சு. பொண்ணு கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா. சும்மா கெடக்கிற குரலை என்ன பண்றதுன்னு நூலகத்துக்குப் போனேன். அங்க ஒரு அம்மா இருக்காங்க, கண்ணாடியைத் தலையில ஏத்தி வெச்சுக்கிட்டு மேஜை பூரா அதையே தேடுவாங்க. அவங்கதான் ஒரு போன் தொண்டு நடத்துறாங்க. தனியா இருக்கிற பெரியவங்களுக்குக் காலையில ஒரு போன், நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, அவ்வளவுதான். ஆனா ஒரு சட்டம் உண்டு. நீங்க தனியா இருக்கீங்கன்னு பாவப்பட்டுக் கூப்பிடறோம்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. அவங்க நமக்கு உதவி பண்ற மாதிரி இருக்கணும். அப்பதான் மனுஷங்க பேசுவாங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. நியாயம்தானே?

அப்படி என் கணக்குல வந்தவருதான் லிஃப்டுக்காரர். ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பாத்தவரு, கல்யாணமே பண்ணிக்கல. அவரோட தம்பிதான் நம்பரைக் குடுத்திருந்தாரு. நான் போன் போட்டு, ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க, நான் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொன்னவ, டாக்டர் தொண்டைக்குப் பயிற்சி வேணும்னுட்டாரு, தினம் யார்கிட்டயாவது பேசணும், உங்க நம்பரை நூலகத்துல குடுத்தாங்கன்னேன். எப்படி, நம்ம புளுகு? அவரு உடனே, தாராளமாப் பேசுங்கம்மா, எனக்கும் ஒரு வேலையும் இல்லைன்னாரு. பாவம், எவ்வளவு நாளா பேச ஆளில்லாம இருந்தாரோன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மாத்திரை எல்லாம் போட்டீங்களான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, அடடா, மறந்துட்டேனேன்னாரு. அன்னையிலிருந்து தினம் மாத்திரையை ஞாபகப்படுத்துறது என் பொறுப்பாப் போச்சு.

இருங்க, இனிமேதான் இருக்கு. கொஞ்ச நாள்ல எங்க குடியிருக்கீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே ஒரு பெரிய டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. ரிட்டையர் ஆகியும் கை நமநமங்குதும்மா, ஸ்பானரைப் பிடிக்கலைன்னா எனக்கு நாளே ஓடாது, வீட்ல ஏதாவது ரிப்பேர் இருந்தாக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்னாரு. நெட்டையா, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டு. என் வீட்ல ஒண்ணும் ரிப்பேர் இல்ல தம்பி. ஆனா அந்த மூஞ்சியைப் பாத்து இல்லைன்னு எப்படிச் சொல்றது? கொஞ்சம் உக்காருங்கன்னு சொல்லிட்டு, சமையலறைக்குள்ள போயி, குழாயை நானே லூசு பண்ணிட்டு வந்து, அய்யய்யோ ஒழுகுதேன்னேன்.

அப்படியே நாலு வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயை லூசு பண்றது, சனிக்கிழமை அவரு வந்து டைட் பண்றது, டீ குடிக்கிறது, ஊர்க்கதை பேசுறது. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க கதை ஒவ்வொண்ணா சொல்லுவாரு. உள்ள மாட்டிக்கிட்டு சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி, கதவைத் திறந்தப்போ இன்னும் கொஞ்ச நேரம் மூடி வைங்க, பாதிதான் பேசியிருக்கோம்னு சொன்னாங்களாம். நான் டீயைத் துப்பிட்டேன். அவரு போனதும், நல்ல மனுஷன், நம்மளால ஒரு ஆள் சிரிச்சுட்டுப் போறாருன்னு பெருமையா இருக்கும். என் பெருமையைக் கேளுங்க.

போன மாசம் நகராட்சியில, தொண்டு செய்யற பெரியவங்களைக் கௌரவிக்கிறோம்னு கூப்பிட்டாங்க. அவருகிட்ட நான் சொல்லல. சட்டம் இருக்கே. ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம், காலையில போன் வராதுன்னு சொன்னேன். நானும் தம்பி வீட்டுக்குப் போறேம்மான்னு அவரும் சொன்னாரு. மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா, வாசல்ல நிக்கிறாரு. இஸ்திரி போட்ட சட்டை. ஓஹோ, நம்ம கவனிச்சுக்கிற பெரியவங்களையும் பாக்கக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஃபேனுக்குக் கீழ நல்ல நாற்காலியாப் பாத்து அவரை உக்கார வெச்சு, தண்ணி வாங்கிக் குடுத்தேன். அவரு எந்திரிச்சு என்னை அதே நாற்காலியில உக்கார வெச்சு, அவரு போயி தண்ணி வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு பேர் மூஞ்சியிலயும் அப்படி ஒரு கருணை. இப்ப நெனச்சாலும் வயிறு வலிக்குது.

மேடையில ஒருத்தர் மைக் பிடிச்சு ஒவ்வொருத்தர் செஞ்சதையும் படிச்சாரு. முதல்ல ஒரு கதை. இந்த ஊர்ல தனியா ஒரு அம்மா இருக்காங்களாம், தொண்டைக்குப் பயிற்சின்னு ஒரு சாக்கு சொல்லிக்கிட்டு யாராவது பேசக் கிடைப்பாங்களான்னு போன் போடுவாங்களாம். எனக்கு மனசு இளகிடுச்சு தம்பி. நெஜமாச் சொல்றேன், கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பாவம், யாரு பெத்த பொண்ணோன்னு, விழாவுக்காக ஊர்லேருந்து வந்து பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்ணுகிட்ட சொன்னேன். என்னை மாதிரியே தொண்டைன்னு சொல்லியிருக்காங்க பாருன்னும் சொன்னேன். அப்பவும் மண்டையில ஏறல. மைக் பிடிச்சவர் விடாம, அந்த அம்மா ஆள் வரணும்னே குழாயைத் தானே லூசு பண்ணி வெப்பாங்களாம்னாரு.

குழாய்னதும் கைக்குட்டை கீழ விழுந்துடுச்சு.

மண்டபமே உச்சுக் கொட்டுது. அவங்க கதவைத் தட்டுன நல்ல உள்ளம் இவர்தான்னு லிஃப்டுக்காரரை மேடைக்குக் கூப்பிடறாங்க. ஆஸ்பத்திரியில ஒரு குழு இருக்காம், அவரு அதுல ஆளாம், என்னை அவரே அவங்க கணக்குல சேத்து விட்டிருக்காரு. அவங்களுக்கும் அதே சட்டமாம், நம்மதான் உதவி கேக்குற மாதிரி போகணும்னு. அடுத்து என்னைக் கூப்பிட்டாங்க. மாத்திரை போடக்கூட ஞாபகம் இல்லாத ஒரு பெரியவருக்கு இந்த அம்மா செஞ்ச சேவைன்னு ஆரம்பிச்சாங்க. அவரு காதெல்லாம் சிவந்து போச்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஷீல்டு வாங்குனோம். போட்டோவில பாருங்க, அவரு ஃபேனைப் பாக்குறாரு, நான் தரையைப் பாக்குறேன். என் பொண்ணு முதல் வரிசையில சிரிச்சு சிரிச்சு நாற்காலியிலிருந்து சறுக்கிட்டா.

அப்புறம் என்ன, பேசிச் சிரிச்சோமான்னு கேக்குறீங்களா? அங்கதான் தம்பி சிக்கல். ஒரு வார்த்தை பேசல. அவரு அந்தப் பக்க வாசல் வழியாப் போனாரு, நான் இந்தப் பக்கம் வந்துட்டேன். மறுநாள் நூலகத்தம்மா போன் போட்டு, தொண்டு செய்யறவங்களை நம்ம கணக்குல வெச்சுக்க முடியாது, அவரு பேரை எடுத்துட்டேன், ஆஸ்பத்திரியிலயும் உங்க பேரை எடுத்துட்டாங்க, உங்களுக்கு வேற ஒரு பெரியவரைத் தர்றேன்னாங்க. வேற ஒரு பெரியவர். சட்டை மாத்திக் குடுக்குற மாதிரி.

காலையில போனைக் கையில எடுக்கிறேன், கூப்பிடறதுக்கு ஒரு காரணமும் இல்ல. மனசு அப்படிக் கனத்துப் போச்சு. இவ்வளவு நாளும் பாவம்னு நெனச்சுத்தான் வந்தாரா, அந்தச் சிரிப்பெல்லாம் தொண்டுதானான்னு ஒரே புழுக்கம். அதே கேள்வியை அவரும் அங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பாருன்னு புத்திக்குத் தெரியுது, மனசு கேக்கணுமே. ரெண்டு பேரும் வீம்பா இருந்தா அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. வாரம் பூரா அவரும் கூப்பிடல, நானும் கூப்பிடல. ஒரு தடவை அழுதேன், அதையும் சொல்லிடறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன பண்ணேன் தெரியுமா? பழக்க தோஷத்துல குழாயை லூசு பண்ணிட்டேன். பண்ணதுக்கப்புறம்தான், யாரு வரப்போறாங்கன்னு இதைப் பண்றோம்னு உறைச்சுது. டைட் பண்ண மனசு வரல. கீழ வாளியை வெச்சுட்டேன். சனிக்கிழமை வாளியும் நானும் மட்டும் உக்காந்திருக்கோம். சொட்டு, சொட்டு, சொட்டு.

கதவு தட்டுற சத்தம். அவருதான். ஆனா கையில பை இல்ல. ரெண்டு கையையும் எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம ஒரு தடவை பாக்கெட்ல விடறாரு, ஒரு தடவை பின்னால கட்டிக்கிறாரு. எனக்குப் பதட்டம் வந்தா பஸ் ஸ்டாண்ட் குரல் வந்துடும். உள்ளே வரவும்னேன். வந்தாரு. என்ன, பை இல்லாம வந்திருக்கீங்க, குழாய் ஒழுகுதேன்னேன். லூசு பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு டைட் பண்ணத் தெரியாதா, நீங்களே பண்ணுங்க, நான் ரிப்பேருக்கு வரலம்மா, டீ குடிக்க வந்தேன்னாரு. சொல்லிட்டு, என்னமோ பெரிய குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி நிக்கிறாரு. நான் ஸ்பானரைத் தேடி எடுத்து, அவரு பாத்துக்கிட்டே இருக்க, குழாயை டைட் பண்ணேன். ஒரு சொட்டு விழல. சந்தோஷத்துல டீயில சக்கரையை ரெண்டு தரம் போட்டுட்டேன், அவரும் சொல்லாமக் குடிச்சாரு.

அது சரி, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டேன். எனக்கு மாத்திரையே கெடையாதும்மாங்கிறாரு. சக்கரை இல்ல, பிரஷர் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா இல்லாத மாத்திரையை நான் ஞாபகப்படுத்திக்கிட்டு இருந்திருக்கேன். அப்ப எதுக்கய்யா மறந்துட்டேன்னு சொன்னீங்கன்னு கேட்டா, இல்லைன்னு சொன்னா போனை வெச்சுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுன்னாரு.

சிரிச்சுட்டீங்களா? அப்பாடா. இப்ப என் வேலையைச் சொல்றேன். இந்த ஷீல்டைத் திருத்தவெல்லாம் வேணாம், இருந்துட்டுப் போகட்டும், புத்தக அலமாரியில முட்டுக்குடுக்க ஆகும். எனக்கு ஒரு பித்தளைத் தகடு அடிச்சுக் குடுங்க. இந்த அகலம் போதும். பேரு ரெண்டும் ஷீல்டுலயே இருக்கு, பாத்து எழுதிக்கோங்க. ஒரே தகட்டுல ரெண்டு பேரும். எழுத்து ஒரே அளவு இருக்கட்டும், மேல கீழன்னு வேணாம், பக்கத்துல பக்கத்துல.

ஏதாவது சங்கத்துக்கான்னு கேக்குறீங்களா? இல்ல தம்பி, வாசக்கதவுக்கு. என் வீட்டு வாசல்தான். அவரு வீடு மாடியில, ஆயுசு பூரா மேல கீழ போனது போதும், தரையில இருக்கேன்னுட்டாரு. கல்யாணத்துக்குப் பதிவு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு. கேட்டது நான்தான். அதே சனிக்கிழமை, டீ டம்ளரைக் கீழ வெச்சாரு, எனக்கு மறுபடியும் பஸ் ஸ்டாண்ட் குரல்தான் வந்துச்சு. பயணிகளின் கவனத்திற்கு, சனிக்கிழமை மட்டும் வந்து திரும்பும் வண்டி இனி இங்கேயே நிறுத்தி வைக்கப்படும்னுட்டேன். அவரு வாளியை ஓரமாத் தள்ளி வெச்சாரு. அப்புறம் மெதுவா, வண்டிக்குச் சம்மதம்மான்னாரு. என் பொண்ணுகிட்ட சொன்னப்போ, அம்மா, அவருக்கு நெஜமாவே மாத்திரை இல்லையான்னு அதைத்தான் முதல்ல கேட்டா.

வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுவீங்களா? ஓட்டை மட்டும் நீங்களே போட்டுக் குடுங்க, ஸ்க்ரூ நான் முடுக்கிக்கிறேன். சனிக்கிழமை அவரு வர்றதுக்குள்ள கதவுல இருக்கணும். இந்தத் தடவை பெட்டியோட வர்றாரு.