தீபிகாவின் இனிஷியல்

என் பெயர் காந்தா, வயது 45, கணவர் பெயர் நகுலேஸ்வரன். சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்து கூலிக்குப் பட்டு நெய்கிறோம். என் மகள் தீபிகாவின் பாஸ்போர்ட் விசாரணைக்காக அழைக்கப்பட்டு, உதவி ஆய்வாளர் வரதராஜன் முன்பு சொல்வதாவது:

நான் பிறந்தது இந்த ஊர். என் கணவர் 1990-ல், பன்னிரண்டு வயதில், சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து, முகாமில் வளர்ந்து, அதன்பின் முகாமை விட்டு வந்து இங்கே நெசவு கற்றுக்கொண்டு, 2000-ல் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான கையோடு, ஒளிந்து வாழ்வது தப்பு என்று இந்த நிலையத்துக்குத் தானே வந்து, முகாமுக்கு வெளியே இருக்கும் அகதி என்று பதிந்துகொண்டார். அன்று முதல் மாதாமாதம் இங்கே கையெழுத்துப் போடுகிறார். ஒரு வருடம் கருட சேவைக் கூட்டத்தில் சட்டை கிழிந்தும் வந்து போட்டார். பதியாமல் இருந்தவர்கள் ஓட்டு அட்டை வரை வாங்கிவிட்டார்கள். நாங்கள்தான் ஒழுங்காக இருந்து கெட்டோம்.

அதன்பின் 2002-ல் மகன் தினகரனும், 2005-ல் தீபிகாவும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். மகனுக்குச் சிக்கலில்லாமல் பாஸ்போர்ட் வந்தது, சிங்கப்பூரில் இருக்கிறான். தீபிகா நர்சிங் முடித்து, மஸ்கட்டில் வேலை கிடைத்து விண்ணப்பித்தபோது, அவள் இந்தியப் பிரஜையா என்பதே சந்தேகம் என்றார்கள். அதன்பின் விசாரித்ததில், மகன் பிறந்த காலத்தில் பெற்றவர்களில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்றும், 2004 டிசம்பரிலிருந்து மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது என்றும் சட்டம் மாறியது தெரிந்தது. குண்டுக்குப் பயந்து ஓடி வந்த பையனிடம் விசா எங்கே என்று இப்போது கேட்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின் 2019-ல் பக்கத்து நாடுகள் மூன்றிலிருந்து வந்த சிலருக்குக் கதவைத் திறந்தார்கள்; அதில் இலங்கை இல்லை. அதன்பின் 2025-ல் புதுச் சட்டம் வந்து, பதிந்திருக்கும் இலங்கைத் தமிழரைத் தண்டிக்க மாட்டோம் என்றார்கள். பெரிய மனசுதான். பிரஜை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அதன்பின் வக்கீல் குமரனைப் பார்த்தோம். "இவரு வளர்த்தவருதான், பெத்த அப்பா உள்ளூர்க்காரரு, செத்துட்டாருன்னு ஸ்டேஷன்ல சொல்லிடுமா. பொண்ணு இனிஷியல மாத்திக்கலாம்" என்றார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் கணவர் கோபப்படவில்லை.

"அப்பிடியே சொல்லிப்போடு காந்தா. பிள்ளை போகட்டும்" என்றார். அன்று தறியில் உட்கார்ந்தவர் நெய்யவே இல்லை.

இன்று கையெழுத்து நாள் என்பதால், முதலில் அதைப் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வக்கீல் சொன்னதைச் சொல்லத்தான் நானும் வந்தேன். உதவி ஆய்வாளர், "பொண்ணோட அப்பா பேரு சொல்லுமா" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற தீபிகா, "நகுலேஸ்வரன் சார். வெளிய குந்திக்கினு இருக்காரே, அவருதான்" என்றாள். அவள் சொன்னதே சரி.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. பொய் சொல்லியிருந்தால் என் மகள் இந்தியப் பிரஜை. உண்மையைச் சொன்னதால் அவள் யாரோ. அது தெரிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ந. காந்தா

உடனிருந்தவர்: (ஒப்பம்) ந. தீபிகா