இரைச்சல் நின்ற கித்தார்

— கையை எடு லூர்து, நான் பாத்துக்கறேன்.

— எதைப் பாத்துக்கறே? நேத்தும் இதையேதான் சொன்னே. இன்னிக்குக் காலையில மறுபடி அடிச்சுது. விரல்லேந்து தோள்பட்டை வரைக்கும் சுரீர்னு. வார் மட்டும் கழுத்துல இல்லேன்னா கித்தாரைக் கீழ போட்டிருப்பேன்.

— நரம்பு இழுத்திருக்கும். பொழுதன்னைக்கும் வாசிச்சா வேற என்ன ஆகும்.

— நரம்பு இழுக்கறதுக்கும் கரண்ட் அடிக்கறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாண்ணே?

— கரண்டைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காதே. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல எலக்ட்ரீசியன் நானா நீயா?

— நீதான். அதான் கேக்கறேன். மெர்வின் துரை வீட்டுலேந்து இந்தக் கித்தாரை வாங்கி வந்தப்ப அடிக்கல. கடைவீதி ஜெகபர் அலி பாய் பழைய ரேடியோவை ஆம்ப்ளிஃபயரா மாத்திக் குடுத்தாரே, அப்பவும் அடிக்கல. நீ உள்ள கை வச்சப்பறம்தான் அடிக்குது.

— கை வைக்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். தேன்கூட்டை வயித்துல கட்டிக்கிட்டு வாசிக்கற மாதிரி ங்ஙொய்னு ஒரே இரைச்சல். நீதானே வந்து அழுதே, இந்தச் சத்தத்தோட கோயில்ல வாசிச்சா சனம் சிரிக்கும்னு.

— அழல. சரி பண்ணிக் குடுன்னு கேட்டேன்.

— பண்ணினேனா இல்லியா? கட்டைக்குள்ள பூராவும் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளா ஒட்டினேன். அதுக்கும் அடங்கல. அப்பறம் கம்பியெல்லாம் வந்து முடியுதே, அந்தத் தகட்டுலேந்து ஒரு வயரை இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குள்ள இருக்கற இரும்புத் தகட்டோட சேர்த்தேன். இப்ப கம்பியில கை பட்டதும் இரைச்சல் கப்புனு நிக்குது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கு வாசிக்கற ஆங்கிலோ இந்தியன் சட்டைக்காரப் பசங்களுக்கே இது தெரியாது.

— இரைச்சல் நின்னுச்சு. என் கையும் மரத்துப் போச்சு.

— பயமா இருந்தா விட்டுடு. ஞாயித்துக்கெழமை திருநாள் பூசைக்கு நான் வாசிக்கறேன். பாதர்கிட்ட நானே சொல்லிக்கறேன்.

— ஓ.

— என்ன ஓ?

— எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்கறே.

— உன் நல்லதுக்குச் சொல்றேன்டி. தங்கச்சியாச்சேன்னு சொல்றேன்.

— தங்கச்சின்னு நெனச்சவன் மெர்வின் துரை வீட்டு வாசல்ல என்ன பேசினே? பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு எலக்ட்ரிக் கித்தார், எனக்குக் குடுங்க, டான்ஸுக்கு வாசிப்பேன்னு. அவர் சம்சாரம் டோரின் மிஸ் என்ன பதில் சொன்னாங்க?

— அந்தம்மா ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தாச்சு. அவங்க பேச்சை இங்க எடுக்காதே.

— எடுப்பேன். கப்பல் ஏறப் போறவங்க, யார்கிட்ட வேணும்னாலும் வித்துட்டுப் போயிருக்கலாம். 'நான் சொல்லிக் குடுத்த கைக்குத்தான் தருவேன், இன்னாசிக்கு இல்ல, லூர்துகிட்ட இருக்கட்டும்'னாங்க. கான்வென்ட்ல கத்திக் கத்திப் பாடம் நடத்தின காசுல வாங்கினேன். லத்தீன் போய்ப் பூசை தமிழ்ல வந்ததுலேந்து பாதர் புதுசா ஏதாவது பண்ணணும்கறார், என்னைக் கூப்பிட்டார். உன்னைக் கூப்பிடல.

— இதை இன்னும் எவ்வளவு நாளைக்குக் குத்திக் காட்டிக்கிட்டு இருக்கப் போறே?

— நீ பூட்ஸைக் கழட்டற வரைக்கும்.

— என்னது?

— பூட்ஸ். வீட்டுக்குள்ள செருப்புக் காலோட யாராவது வந்தா அம்மா வெளக்குமாத்தை எடுப்பாங்க. நீ என்னடான்னா மாதா படத்துக்கு முன்னாடியே தொம் தொம்முனு ரப்பர் அடி போட்ட ஒர்க்‌ஷாப் பூட்ஸோட நடக்கறே. கேட்டா கால் ஆணிங்கறே. அம்மாவும் நம்பிக்கிட்டு மஞ்சள் அரைச்சு வைக்கறாங்க. சாப்பிட உக்காரும்போது வலிக்காத ஆணி, கித்தாரைத் தொடும்போது மட்டும் எப்படிண்ணே வலிக்குது?

— உனக்கு வாய் நீண்டு போச்சு.

— போகட்டும். வெறுங்காலோட நின்னு கம்பியைத் தொடு. கோயில்ல பீடத்துப் பக்கத்துல பூட்ஸ் போட்டுக்கிட்டு நிக்க முடியாது. திருநாள்னு தரையெல்லாம் கழுவி விட்டிருப்பாங்க. அந்த ஈரத்துலதான் நான் நிக்கணும்.

— தொட்டுக் காட்டறேன், அதோட நீ வாயை மூடணும். இரு, மொதல்ல பிளக்கைப் பாக்கறேன், லூசா இருக்கும். ம்... இப்ப சரி.

— பாத்தாச்சா? கழட்டு.

— இந்தா, கழட்டியாச்சு. இந்தா, சாக்ஸும் போச்சு. இங்க பாரு, சிமெண்ட்டுத் தரை, வெறுங்கால். போதுமா?

— ஆணி எங்க?

— எந்த ஆணி?

— பாதம் பச்சைப் புள்ளை பாதமாட்டம் இருக்கு.

— பேச்சை மாத்தாதே. தொடறேன் பாரு. எல்லாக் கம்பியையும் சேர்த்துப் பிடிச்சிருக்கேன். எங்கடி கரண்ட்? எங்க அடிக்குது? இதுக்குத்தான் பாய் கடை வரைக்கும் போனியா? எனக்கும் சேதி வந்துச்சு. எங்கண்ணன் வேலை சரியில்லைன்னு ஒரு ரேடியோ கடையில போய்ச் சொன்னா, ஒர்க்‌ஷாப்ல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வேலை பாக்கறது? இப்பவே பாதர்கிட்ட போறேன். அவளுக்குக் கை நடுங்குது, பொய்யும் பேசறா, நான் வாசிக்கறேன்னு சொல்றேன்.

— போய்ச் சொல்லு. அதுக்கு முன்னாடி பாய் சொன்னதையும் கேட்டுக்க.

— அவர் சொல்லி எனக்கென்ன.

— 'இந்த ரேடியோவுல டிரான்ஸ்ஃபார்மர் கெடையாதும்மா, லைன் கரண்ட் நேரா உள்ள வருது'ன்னார். 'ரெண்டு கால் பிளக். எப்படி மாட்டினாலும் பாடும். ஒரு பக்கமா மாட்டினா உள்தகடு சும்மா கெடக்கும். திருப்பி மாட்டினா தகடு பூரா கரண்ட். மரப்பொட்டி மூடியிருக்கற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அந்தத் தகட்டுலேந்து கம்பிக்கு வயர் இழுத்தது யாரு, அல்லாதான் காப்பாத்தியிருக்கான்'னார்.

— அவர் ஆயிரம் சொல்வார்.

— நீ பிளக்கைப் பாக்கறேன்னு போய் அதைப் பிடுங்கித் திருப்பி மாட்டினே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— லூசா இருந்துச்சுங்கறேன்.

— சரி. பாதர்கிட்ட போறேன்னு உன் வாய் ஓடிக்கிட்டு இருக்கறப்ப நானும் திருப்பி மாட்டிட்டேன். காலையில எப்படி இருந்துச்சோ அப்படி. நீ அதுக்கு முந்தியே கையை எடுத்துட்டே, பொழைச்சே. இப்ப தொடு.

— லூர்து, வெளையாடாதே.

— அதே தரை, அதே கால். எல்லாத்தையும் வேண்டாம், ஒத்தைக் கம்பி போதும்.

— பிளக்கைப் பிடுங்கு.

— ஏன் பின்னால போறே? பூட்ஸை ஏன் தேடறே?

— பிடுங்குங்கறேன்ல.

— எப்பலேந்து தெரியும் உனக்கு?

— வயரைச் சேர்த்த அன்னிக்கே. எனக்கும் அடிச்சுது.

— தெரிஞ்சும் மாட்டிக் குடுத்தியா? நான் செத்துப் போயிருப்பேன் இன்னாசி.

— சாகறதுக்கு யாருடி பண்ணினது? ரெண்டு தரம் சுரீர்னா நீயே பயந்து விட்டுடுவேன்னு பாத்தேன், நீதான் விட்டுத் தொலைக்க மாட்டேன்னுட்டே.