மத்தியானத்து இருட்டு

"மத்தியானமே இருட்டிப்போச்சுக்கா. அவுகளைக் காணோமேன்னு அழுதுட்டேன்."

தேவிபட்டினம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். சொன்னவள் தங்கை. அவள் கணவர் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தமிழ் சொல்லித்தரப் போயிருக்கிறாராம். இவள் மட்டும் விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

"மத்தியானம் எப்படிடி இருட்டும்?"

"அங்கன பனிக்காலத்துல அப்படித்தானாம். எனக்கென்ன தெரியும்? நான் அழுற சத்தங்கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஓடியாந்துச்சு. அது பேசுறது எனக்கு விளங்கல, நான் பேசுறது அதுக்கு விளங்கல. அதுவும் என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு."

"அப்புறம்?"

"அவுக எப்பவும்போல காலேசு விட்டு வந்தாக. எங்க ரெண்டு பேரையும் பாத்துப் பதறிப்போயி, 'யாரு செத்தா?'ன்னாக."

அக்கா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அன்னையிலருந்து இருட்டுனா அந்தம்மா வந்துரும். அவுக வர்ற வரைக்கும் என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"இம்புட்டுக் கஷ்டப்பட்டு எதுக்குடி? இங்கனயே இருந்துரு."

"இல்லக்கா, போகணும். ஐப்பசி பொறந்தா அங்கன இருட்ட ஆரம்பிச்சிரும். பாவம், ஒத்தையில கெடக்கணும்ல?"

"மாப்பிள்ளையா?"

"இல்லக்கா, அந்தம்மா."